வேனுக்குள் ஊளை

ஜெரூஷா வேலை பார்த்த சின்ன கம்பெனி தாம்பரம் சானடோரியத்தில் ஒரு மாடியில் இருந்தது. 2007-ஆம் வருஷம் முழுக்க அவள் செய்தது ஒரே வேலை. வேனில் முன்சீட்டில் பேசுவது பின்சீட்டுக்குக் கேட்க வேண்டும், பின்னால் பேசுவது டிரைவருக்குக் கேட்க வேண்டும். யாரும் கத்தக்கூடாது, டிரைவர் கழுத்தைத் திருப்பக்கூடாது.

கூரையில் நான்கு மைக், கதவுகளில் நான்கு ஸ்பீக்கர். எஞ்சின் இரைச்சலைக் கழித்துவிட்டுக் குரலை மட்டும் அனுப்ப அவளுடைய புரோகிராம் பழகிவிட்டது. பெரிய தலைவலி ஊளைதான். ஸ்பீக்கரில் வரும் குரலை மைக் திரும்பப் பிடிக்கும், அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும், இப்படியே சுற்றிப் பெருகி ஒரு அலறல் வரும். கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்தவர் ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்தால் காதைப் பொத்திக்கொள்வோமே, அதே சத்தம். அதையும் அடக்கியாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். ஆபீஸ்காரர்கள் பின்சீட்டில் உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்து வாசித்தபோதெல்லாம் வேன் சமர்த்தாக இருந்தது.

அன்றைக்கு மூன்று மணிக்கு, வேன் தயாரிக்கும் கம்பெனியிலிருந்து ஜெபராஜ் என்ற அதிகாரி பார்க்க வருவதாக இருந்தது. காலை பத்தரைக்குக் கடைசி சோதனை ஓட்டம். அஸ்தினாபுரத்தில் டிரைவர் பூவராகன் வண்டியை ஓரம் கட்டினான்.

"மேடம், எங்க அக்கா நிக்குது. மீனு வித்துட்டு வூட்டுக்குப் போவுது. தாம்பரத்துல எறக்கி வுட்டுட்டா சோழிங்கநல்லூர் பஸ் புடிச்சுக்கும்."

"ஏறச் சொல்லுங்கண்ணா. பேசறதுக்கு ஆள் வேணும்தானே?"

அக்கா முத்தாலம்மாளும் அவள் கூட்டாளி கங்கையம்மாளும் காலிக் கூடைகளோடு ஏறினார்கள். ஏறியதும் பேச்சு ஆரம்பித்தது. ஒருத்தி முடிப்பதற்கு இன்னொருத்தி காத்திருக்கவே இல்லை. குரோம்பேட்டை தாண்டும்போது முத்தாலம்மாள், "டேய் பூவராகாஆஆ, மெதுவாப் போடா!" என்று இழுத்தாள்.

ஊ என்று வேன் அலறியது. பூவராகன் பிரேக்கை மிதித்தான்.

"இன்னாடா இது, வண்டிக்குள்ள பேய் கீதா?" என்றாள் முத்தாலம்மாள்.

சானடோரியம் வருவதற்குள் இன்னும் நான்கு தடவை அலறிவிட்டது. இழுத்துப் பேசும்போதெல்லாம் வந்தது. காகிதம் வாசித்தவர்கள் யாரும் இப்படி இழுக்கவில்லை. வாயிலிருந்து வரும் நீண்ட 'ஆ'வும் ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வரும் 'ஆ'வும் ஒன்றுபோலவே இருக்க, எதைக் கழிப்பது என்று புரோகிராம் குழம்பிப்போனது. மணி பதினொன்றேகால்.

வண்டியை மரநிழலில் நிறுத்தச் சொன்னாள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, தெருவுல எப்படிக் கூவுவீங்களோ அப்படியே ஒரு தடவை கூவுங்க" என்றாள்.

"மீனேஏஏய்!" என்றாள் முத்தாலம்மாள். உடனே கங்கையம்மாளும் அதே மாதிரி, "மீனேஏஏய்!" என்றாள்.

ஜெரூஷா திரும்பிப் பார்த்தாள். இரண்டும் ஒரே கூவல்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் யார் யாரென்று தெரிந்திருக்கும்.

"நீங்க கொஞ்சம் ஏத்திக் கூவறீங்களே?" என்று கங்கையம்மாளைக் கேட்டாள்.

"பின்ன? ரெண்டு பேரும் ஒரே தெருவுலதான் சுத்துறோம். ஒரே மாதிரி கூவுனா யார் வந்துகினு கீறாங்கன்னு வூட்டுக்காரம்மாங்களுக்கு எப்படித் தெரியும்? அதான் ஒரு பிசிறு தூக்கிக் கூவுவேன்."

ஒரு பிசிறு, மயிரிழை உயரம். ஜெரூஷா சீட்டிலிருந்து எழுந்து தலையைக் கூரையில் இடித்துக்கொண்டாள். ஸ்பீக்கருக்குப் போகும் குரலையும் ஒரு பிசிறு தூக்கி அனுப்பினால்? விநாடிக்கு ஐந்தே ஐந்து அதிர்வு கூடுதல். மனிதக் காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் மைக்குக்குத் திரும்பி வரும்போது அது வாயிலிருந்து வந்த குரல் இல்லை என்று புரோகிராமுக்குத் தெரிந்துவிடும். குரலைத் தொட்டால் கெட்டுப்போகும் என்ற பயத்தில் இத்தனை நாளும் அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

விரல்கள் பறந்தன. முதல் தடவை எழுதியது ஓடவில்லை. இரண்டாவது தடவை குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. பூவராகன் வாங்கி வந்த பஜ்ஜியை இரண்டு பெண்களும் தின்று முடித்தார்கள். ஒரு பஸ் போனது, அடுத்ததும் போனது.

"போனா போவுது கண்ணு, நீ செய்யி" என்றாள் முத்தாலம்மாள்.

ஒரு மணிக்கு வேன் மறுபடி கிளம்பியது. பெருங்களத்தூர் தாண்டி பீர்க்கன்கரணை ஏரி வரைக்கும் இரண்டு பேரும் தொண்டை வலிக்கக் கூவினார்கள், சிரித்தார்கள், யாரோ ஒரு மருமகளைத் திட்டித் தீர்த்தார்கள். அலறல் வரவில்லை. ஜன்னலைத் திறந்தார்கள், வரவில்லை. பூவராகன் முன்னாலிருந்து சாதாரணக் குரலில், "யக்கா, அந்த மருமவ நல்ல பொண்ணுதான்" என்றான். பின்னாலிருந்து அவனுக்கும் திட்டு விழுந்தது, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக. ஜெரூஷா டாஷ்போர்டைப் படபடவென்று தட்டினாள். திரும்பும் வழியில் இரண்டு பேரையும் தாம்பரத்தில் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

மூன்று மணிக்கு ஜெபராஜ் வந்தார். கல் மாதிரி முகம். பின்சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டார். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போயின. இழுத்துப் பேசினார், பாட்டு முணுமுணுத்தார், ஜன்னலைத் திறந்து மூடினார். ஊளை இல்லை. ஆனால் வண்டலூர் வந்தும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

ஜெரூஷாவால் தாங்க முடியவில்லை. பூவராகன் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள்: "அண்ணா, இந்த மனுஷன் மூஞ்சியைப் பாத்தா ஒண்ணுமே தெரியலையே. பிடிச்சிருக்கா இல்லையா?"

கதவு ஸ்பீக்கரிலிருந்து நிதானமாகப் பதில் வந்தது. "பிடிச்சிருக்கும்மா. மூஞ்சி பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான்."

பூவராகன் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியை ஓரம் கட்டினான். ஜெரூஷா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஜெபராஜ் சீட்டில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"கிசுகிசுத்தது இவ்வளவு தெளிவாக் கேக்குது. இன்னும் என்ன டெஸ்ட் பண்ணணும்? பன்னிரண்டு வண்டியில மாட்டிப் பாத்துடலாம். திங்கட்கிழமை எங்க ஃபேக்டரிக்கு வந்துடுங்க" என்றார். பிறகு, "முன்சீட்டு மைக்கை நிறுத்தறதுக்கு ஒரு ஸ்விட்சும் வெச்சிடுங்கம்மா" என்றார்.

"வெச்சிடறேன் சார்!" என்று ஜெரூஷா கத்தினாள். கத்த வேண்டிய அவசியமே இல்லை.