கடைசி இரண்டு ஓட்டு

இருபது வருடமாக ஊரார் வேலிக்கும் பன்றிக்கும் வாதாடி அலுத்துப் போனவர் வக்கீல் அசாகெல் பிரெண்டிஸ். அமெரிக்காவின் இலினாய்ஸ் மாநிலச் சட்டசபைக்கு இரண்டு முறை நின்று இரண்டு முறையும் மண்ணைக் கவ்வியிருந்தார். இது மூன்றாவது.

“இதுலயும் தோத்தா ஆயுசுக்கும் பன்னி வழக்குதான்,” என்று மனைவி கெசையாவிடம் புலம்பிவிட்டுத்தான் காலையில் கிளம்பினார்.

“அப்ப வெக்கப்படாம உங்க ஓட்ட உங்களுக்கே போடுங்க,” என்றாள் அவள்.

“சீ, ஊர் காறித் துப்பும்.”

ஓட்டுப்பதிவு நீதிமன்றத்தில் நடந்தது. அந்தக் காலத்தில் ஓட்டுச்சீட்டு கிடையாது; ஒவ்வொருவனும் குமாஸ்தாவின் மேசை முன் நின்று, தன் ஓட்டு யாருக்கென்று உரக்கச் சொன்னான். பெயர் சொல்லப்பட்ட வேட்பாளர் எழுந்து தலைவணங்கி நன்றி சொன்னார். வாசலில் எதிராளி கர்னல் மன்ஃபோர்டு இறக்கியிருந்த விஸ்கிப் பீப்பாய் காலியாகிக்கொண்டிருந்தது. அதைக் குடித்தவர்களில் பாதிப் பேர் வக்கீலுக்குத்தான் போட்டார்கள் என்பது ஒன்றே அன்றைய ஆறுதல்.

மாலை ஆறு மணிக்குச் சற்று முன் வக்கீலுக்கு 212, கர்னலுக்கு 211. ஓட்டுப் போட பாக்கி வேட்பாளர்கள் இருவர்தான். கண்ணியமானவர்கள் எதிராளிக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள், அதுதான் வழக்கம். ஆளுக்கொன்று மாற்றிக்கொண்டாலும் ஒரு ஓட்டில் வெற்றி. வக்கீல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

“என் ஓட்டு கர்னல் மன்ஃபோர்டுக்கு!”

கூட்டம் கைதட்டியது. கர்னல் தொப்பியைக் கழற்றி, இடுப்பு மடியக் குனிந்தார்.

“ரொம்ப நன்றி வக்கீலய்யா,” என்றவர் குமாஸ்தாவிடம் திரும்பினார். “சட்டம் படிச்சவரு யோசிக்காமலா சொல்லியிருப்பாரு? அவரு பேச்ச மீற எனக்கு மனசு வரல. என் ஓட்டும் மன்ஃபோர்டுக்கே!”

கட்டடம் அதிரச் சிரித்தார்கள். வக்கீலுக்கு ஓட்டுப் போட்டவர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள்.

வெளியே வண்டியில் கெசையா காத்திருந்தாள். விஷயம் அவள் காதுக்கு முன்பே போயிருந்தது. வக்கீல் ஏறியதும் அவளே வண்டியை ஓட்டினாள்.

“மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல, கெசையா?” என்றார் அவர் பாதி வழியில்.

“மூணு தேர்தலுக்கும் உங்களுக்காக வீடு வீடா ஏறி இறங்குனவ நான். பொம்பளைன்னு எனக்கு ஓட்டு இல்ல,” என்றாள் அவள், குதிரையைப் பார்த்தபடி. “உங்களுக்கு இருந்துச்சே.”