வீட்டுக்குப் பாவாடை

“கழட்ட வேண்டாம்னு சொல்றேன்ல. மூக்கு வெளியவே இருக்கட்டும்.”

“பாக்க நல்லாவா இருக்கு? நாலு போல்ட்டுதானேடா. கழட்டி உள்ள தள்ளிட்டா இந்தப் பக்கம் ஒரே நேரா கட்டிட்டுப் போயிடலாம்.”

“தள்ளிடலாம். அப்புறம் மே மாசம் சேத்துல மல்லாந்து படுத்து எவன் திரும்ப மாட்டுறது? நீ மாட்டுவியா?”

மார்லிஸ் கையுறையைக் கழற்றி விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டாள். தம்பி வெர்னன் வீட்டின் முன்முனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெளிர்சாம்பல் நிற வினைல் பலகை ஒன்றில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். தரைக்கடியிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முக்கோணத்தைத்தான் அந்த டிரெய்லர் வீட்டுக் குடியிருப்பில் எல்லோரும் மூக்கு என்பார்கள். லாரியின் கொக்கியில் அதை மாட்டித்தான் வீட்டை இழுத்து வருவார்கள். வந்து நின்றபிறகு சிலர் அதைக் கழற்றிவிடுவார்கள், சிலர் அதன்மேல் பூந்தொட்டி வைப்பார்கள். அவர்களுடைய அம்மா ஒரு பிளாஸ்டிக் மானை நிற்க வைத்திருந்தாள். வேட்டைக்காலம் வந்தால் அதன்மேல் ஆரஞ்சுத் துணி ஒன்றைப் போர்த்திவிடுவாள். பக்கத்துத் தெரு ஆட்கள் பீர் குடித்துவிட்டு நிஜ மானென்று சுட்டாலும் சுடுவார்கள் என்பாள்.

இந்த வருட வேட்டைக்காலமும் நெருங்கிவிட்டது. அதற்குள் தரை உறைந்துபோகும். உறைந்த தரையில் ஆணி இறங்காது. ஆணி இறங்காவிட்டால் பலகைகளைத் தாங்கும் கீழ்க்காடி நிற்காது, வீட்டின் அடியைச் சுற்றி மறைக்கும் பாவாடையைக் கட்ட முடியாது. பாவாடை இல்லாத டிரெய்லர் வீட்டின் அடியில் ஏரிக்காற்று தடையில்லாமல் ஓடும். ஜனவரியில் குழாய்கள் வெடிக்கும், சமையலறைத் தரையில் சாக்ஸ் போட்டுக்கூட நிற்க முடியாது. அதனால்தான் வெர்னன் விடுப்பு எடுத்துக்கொண்டு, காடிகளையும் பலகைகளையும் தன் வண்டியிலேயே ஏற்றி வந்திருந்தான். முந்தின நாளே எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுபோய் சோபாவின்மேலும் கட்டிலின்மேலும் அடுக்கி வைத்தார்கள். குளிர்ந்துபோன வினைல் பிஸ்கட் மாதிரி உடையும். கதகதப்பில் வைத்து, வேண்டுகிற அளவுக்கு நாலைந்தாக வெளியே எடுத்து வந்து வெட்டவேண்டும்.

“திருகாணியை ரொம்ப இறுக்காதே, மார்லிஸ். மேல கொஞ்சம் இடமும் விடு. தரை உறைஞ்சு உப்பும்போது பலகை மேல ஏறணும்.”

“தெரியும்டா. இந்த வீட்டுப் பாவாடையை அம்மாவோட சேந்து நாந்தான் ரெண்டு தடவை கட்டியிருக்கேன்.”

“அதுக்கு மட்டும் சொல்லல. அங்க கொண்டுபோய் இதையே மறுபடி கட்டணும். இறுக்கினா கழட்டறப்ப வாய் பிளந்துக்கும்.”

அங்க என்றால் வெர்னனுடைய நிலம். வீட்டை அங்கே இழுத்துப்போய் அவன் மகளைக் குடிவைப்பதாக ஏற்பாடு. மார்ச் மாதம் அம்மாவை அடக்கம் செய்த அன்று, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அது முடிவாகிவிட்டது. வீடு இரண்டு பேருக்கும் பொது. வெர்னனின் மகள் ஷெல்பி கல்யாணமான நாளிலிருந்து கணவனோடு அப்பா வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறாள். இப்போது வயிற்றில் குழந்தை. அப்போது சாலைத் தடைக்காலம் தொடங்கியிருந்தது. பனி உருகிச் சாலைகள் இளகிக் கிடக்கும்போது கனமான எதையும் இழுத்துப்போக விடமாட்டார்கள். அது நீங்கியதும் வெர்னனுக்கு ஆலையில் வேலை நெருக்கடி, பிறகு நிலத்தில் தண்ணீருக்குக் குழி தோண்ட வேண்டியிருந்தது. சரி, அடுத்த மே மாதம் என்றார்கள். மார்லிஸுக்கு என்ன வழி என்பதையும் அவன் மறக்கவில்லை. அவன் கேரேஜுக்கு மேலே ஒரு அறை இருக்கிறது, தனி வாசல், வெள்ளைச் சுவர். “நீ இனிமே தனியா கெடந்து அல்லாட வேண்டாம்” என்று சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் அவள் கையைப் பிடித்து, உனக்கு நல்ல தம்பி வாய்த்திருக்கிறான் என்றார்கள். அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அவளால் அன்று எதுவும் சொல்ல முடியவில்லை.

அம்மாவுக்குத் துணையாக அவள் அங்கே இருந்தாள் என்று ஊர் நினைத்தது. வேறு போக்கிடம் இல்லாமல் இருந்தாள் என்று வெர்னனின் மனைவி நினைத்தாள். இரண்டுமே இல்லாத மூன்றாவது காரணம் ஒன்று உண்டு என்பது மார்லிஸுக்கே அம்மா போனபிறகுதான் தெரிந்தது. முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலை முடிந்து, ரயில் பாதையை ஒட்டி நடந்து வந்து, கதவைத் திறந்து, விளக்கைப் போடாமல் கொஞ்சநேரம் அப்படியே நிற்பாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரி டாட்டியின் தொலைக்காட்சி நீலமாக மினுங்கும். யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லாத அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் அவள் நாள் முழுக்க வேலை செய்வதுபோல இருந்தது. இதை எந்த வாயால் தம்பியிடம் சொல்வது? பிள்ளை பெறப்போகிறவளுக்கு முன்னால் வைத்தால் இது ஒரு காரணமா?

ஆகஸ்டில் ஹீட்டரைப் பழுதுபார்க்க வந்தவன் வீட்டுக்கடியில் தவழ்ந்துபோய்த் திரும்பி வந்து, “அம்மா, அடியில அச்சும் சக்கரமும் சும்மா கெடக்கே, குடுத்துடறீங்களா? விறகு வண்டி ஒண்ணு கட்டணும். ஹீட்டர் வேலைக்கு ஈடா வெச்சுக்கலாம்” என்றான். எடுத்துக்கோ என்று அவள் சொல்லிவிட்டாள். அந்தச் சொல் அத்தனை எளிதாக வாயிலிருந்து வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அச்சுகளை வெளியே இழுப்பதற்காக அவன் பின்பக்கப் பாவாடையைக் கத்தியால் அறுத்தான். பழைய வினைல், வெயிலில் காய்ந்து போனது. ஒன்று உடைய அடுத்ததும் உடைந்து வரிசையாக விழுந்தது. கற்களின்மேல் நிற்கிற வீடு எப்போதும்போல நின்றுகொண்டிருந்தது. செப்டம்பரில் தொலைபேசியில் அவள் வெர்னனிடம் காற்றில் பிய்ந்து போய்விட்டது என்றாள்.

இன்று விடிந்ததிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே கவலை, அவன் அடியில் எட்டிப் பார்ப்பதற்குள் நான்கு பக்கமும் மூடிவிட வேண்டும் என்பதுதான். பின்பக்கத்தில் தான் ஆரம்பிப்பதாகச் சொல்லி, அவனை முன்னால் மூக்கோடு மல்லுக்கட்ட அனுப்பியதும் அதற்காகத்தான். மூக்கைக் கழற்றச் சொன்னது மட்டும் வேறு. அது திடீரென்று தோன்றிய ஆசை. கொஞ்சம் கொஞ்சமாகவாவது உண்மையைக் காட்டிவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

பலகைகள் ஒன்றின் விளிம்பில் ஒன்று நுழைந்து சொடுக்கென்று பூட்டிக்கொண்டன. பின்பக்கம் முடிந்தது. ஏரிப்பக்கம் முடிந்தது. மூக்குக்கு முக்கோண வாய் வெட்டி முன்முனையும் முடிந்தது. வெர்னன் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினான். சாலைப்பக்கத்தில் பாதி ஆகியிருக்கும்போது டாட்டி மேலங்கியும் வீட்டுச் செருப்புமாகத் தன் படிக்கட்டில் வந்து நின்று சிகரெட் பற்றவைத்தாள்.

“என்னப்பா வெர்னன், அக்கா வீட்டுக்குப் புதுப் பாவாடையா? எனக்கும் ஒண்ணு கட்டி விடேன்.”

“உங்க பாவாடைக்கு என்ன குறை டாட்டி? ராணி மாதிரி இருக்கீங்க.”

“ஆமாம், உள்ளாற ஒரு ரக்கூன் குடும்பமே இருக்கு. வாடகை குடுக்காத ராஜ்ஜியம்.” புகையை விட்டாள். “பழசு எப்படிப் போச்சு?”

“காத்துல போச்சாம்.”

“காத்தா? எப்ப அடிச்சுது?”

மார்லிஸ் கையிலிருந்த டிரில்லை அழுத்தினாள். திருகாணி முனகிக்கொண்டு காடிக்குள் இறங்கியது. டாட்டி அவளைப் பார்த்தாள். பிறகு வெர்னனைப் பார்த்தாள்.

“நான் தூங்கியிருப்பேன். மாத்திரை போட்டா இடி விழுந்தாலும் தெரியாது” என்று சொல்லிவிட்டுச் சிகரெட்டைப் பாதியிலேயே அணைத்து உள்ளே போய்விட்டாள்.

திருகாணியை முழுக்க இறுக்கிவிட்டது அப்போதுதான் மார்லிஸுக்குத் தெரிந்தது. தளர்த்துவதற்கு நேரமில்லை. அடுத்த பலகையை எடுத்தாள். வெர்னன் வண்டியோரம் குவித்திருந்த பழைய துண்டுகளின் அருகே நின்று, ஒன்றைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதன் ஒரு விளிம்பு அடிக்கோல் வைத்து வெட்டியதுபோல நேராக இருந்தது. பிறகு அதைக் குவியலில் போட்டான்.

கடைசிப் பலகைக்கான இடம் மட்டும் மிச்சமிருந்தபோது அவன் முட்டிக்கால் துணியைத் தட்டிவிட்டு, “மூடறதுக்கு முன்னாடி குழாயை ஒரு பார்வை பாத்துடறேன்” என்றான்.

“பாத்தாச்சு.”

“யாரு?”

“நாந்தான். காலையில நீ வர்றதுக்கு முன்னாடி. குழாய்ல சுத்தின சூட்டு வயர் நல்லா வேலை செய்யுது.”

“நீ அடியில போனியா? சிலந்தியைப் பாத்தா சாப்பாட்டு மேசை மேல ஏறி நிக்கிறவ?”

“வயசானா பயம் போயிடும்டா. சாப்பாடு ஆறுது. வா. இதை மாட்டிட்டு உள்ள போகலாம்.”

“சாப்பாடு எங்கயும் ஓடிடாது. வயரு ஒரு இடத்துல விட்டுப்போனாலும் போச்சு. அம்மா இருக்கும்போது குழாய் வெடிச்சு, நடுக்கூடத்துல பனிக்கட்டியில சறுக்கி விழுந்தாளே, மறந்துட்டியா?” டார்ச்சைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். “நீ இங்க தனியா ஒரு குளிர்காலம் இருக்கணும். நான் அங்க படுத்துக்கிட்டு, இவ குழாய் என்னாச்சோன்னு யோசிச்சுக்கிட்டே கெடக்கணுமா?”

மார்லிஸ் ஒதுங்கி வழிவிட்டாள். வெர்னன் வயிற்றை எக்கிக்கொண்டு, தோளைச் சரித்து, இருட்டுக்குள் நுழைந்தான். முதலில் தலை போயிற்று, பிறகு சிவப்புக் கட்டம்போட்ட முதுகு, கடைசியாகச் சேறு அப்பிய பூட்ஸ். மார்லிஸ் கடைசிப் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் இருந்து கொண்டுவந்த கதகதப்பு அதில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

உள்ளே அவன் தவழ்கிற சத்தம். முனகல். “வயரு சரியாத்தான் இருக்கு” என்ற குரல் தரைக்கடியிலிருந்து வந்தபோது வேறு யாருடைய குரலோபோல இருந்தது. பிறகு டார்ச் வெளிச்சம் திரும்பியது. ஒரு சிமெண்ட் கல் தூணைக் காட்டியது. அடுத்த தூணைக் காட்டியது. இரண்டுக்கும் நடுவே, சக்கரங்கள் இருந்த இடத்தில், புழுதியில் அழுந்திய பள்ளங்களின்மேல் வந்து நின்றது. அங்கேயே நின்றது.

அவள் குனிந்து பார்க்கவில்லை. தெருவின் கடைசியில் யாரோ வண்டியைக் கிளப்பி, குளிரில் அது நிற்க, மறுபடி கிளப்பினார்கள்.

“மார்லிஸ்.”

“ம்.”

“அதுவும் காத்துல போயிடுச்சா?”

“ஆகஸ்ட்ல” என்றாள். “ஹீட்டர்காரன் கேட்டான். குடுத்துட்டேன்.”

உள்ளிருந்து மூச்சுச் சத்தம் வந்தது. அவன் சிரிக்கிறானா, கோபத்தில் மூச்சு வாங்குகிறானா என்று தெரியவில்லை. அம்மாவின் கடைசி வாரத்தில் மருத்துவமனை நடைபாதையிலும் அவன் இப்படித்தான் முகம் காட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

“அச்சு எங்க வேணாலும் கெடைக்கும். ரெண்டு நாள் வேலை. அதை நான் கேக்கல” என்றான். “நீ வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன உன்னைக் கட்டியா இழுத்துட்டுப் போயிருப்பேன்?”

“நீ அவ்வளவு நல்லவனா இருந்தா எப்படிடா சொல்றது?”

“இது என் தப்பா இப்ப?”

“உன் தப்புன்னு சொல்லல.”

“பின்ன?”

அவள் பலகையைத் தரையில் ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டாள். இங்கேதான் இருக்கப்போகிறேன் என்பதை இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சின்ன வாக்கியம்தான். சக்கரத்தைக் கொடுத்த அன்று அந்நியன் ஒருவனிடம் அத்தனை எளிதாகச் சொன்னதன் மறுபாதி.

அப்போது வீட்டுக்கடியில் தொலைபேசி ஒலித்தது. மூடிய பாவாடைக்குள் அந்தச் சத்தம் எல்லாப் பக்கமும் மோதித் திரும்பி, வீடே ஒலிப்பதுபோல இருந்தது. வெர்னன் எடுக்கவில்லை. பூட்ஸ் மண்ணில் உராயும் சத்தம் கேட்டது, நெருங்கி வந்தது. இடைவெளியின் இருட்டிலிருந்து அவன் கை மட்டும் வெளியே நீண்டது. முழங்கை வரை புழுதி. உள்ளங்கையில் தொலைபேசி அதிர்ந்துகொண்டிருந்தது. திரையிலிருந்த படத்தில் ஷெல்பி, கண்ணை இடுக்கிச் சிரித்துக்கொண்டு, ஒரு கையை வயிற்றின்மேல் வைத்திருந்தாள்.

“இந்த வீட்டு ஜன்னலுக்கெல்லாம் அளவு கேட்டுக்கிட்டு இருக்கா. திரைச்சீலை தைக்கணுமாம்” என்றது உள்ளிருந்து வந்த குரல். “என்னால அவகிட்ட சொல்ல முடியாது மார்லிஸ். வீடு வராதுன்னு நீயே எடுத்துச் சொல்லிடேன்.”