அப்பா எப்போதும் முதல் வரியில்

அலுவலகத்தில் அவனுக்குக் 'கட்டம்' என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் பொருந்தாமல் இல்லை. வலைச் செயலியில் அட்டவணை என்று எது வந்தாலும் அவன் தலையில்தான் கட்டுவார்கள். ஃபிரேம்வொர்க் என்ற மென்பொருள் தொகுப்போடு வரும் ரெடிமேட் டேபிளை எடுத்து, எந்த வரி மேலே வரவேண்டும், எந்த வரிக்கு என்ன நிறம் என்று கேட்டவர் கேட்டபடி மாற்றிக் கொடுப்பது அவன் பிழைப்பு. "கட்டம் போடுறதுக்கா இவ்வளவு படிச்சே?" என்று உறவுக்காரர்கள் நடுவில் கேட்டு மானத்தை வாங்கியவர் அவனுடைய அப்பா.

அப்படிப்பட்ட மனிதர் கொஞ்ச நாளாக அடியோடு மாறிப்போயிருந்தார். மூட்டுவலிச் சிகிச்சைக்குப் போய்வரும் நாளெல்லாம் வாயெல்லாம் பல். மகன் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பற்றி விசாரித்தார். அந்தச் சிகிச்சை நிலையத்தின் காத்திருப்புத் திரையைச் செய்தவன் அவன்தான். அதைப் பார்த்துத்தான் அப்பாவுக்குப் புத்தி வந்திருக்கிறது என்று இவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கே, பாராட்டு வரும்போது யார் காரணம் கேட்கிறார்கள்!

வழக்கமாக அப்பாவைக் கூட்டிப்போகிறவர் அண்ணி. அவருக்குக் காய்ச்சல் என்பதால் அன்று காலை இவன் போக நேர்ந்தது. கூடம் நிறைய ஆட்கள். சுவரில் பெரிய திரை, அதில் இவன் கைப்பட்ட டேபிள். வந்த வரிசைப்படி பெயர்கள் இருக்கும். அவசரம் என்று மருத்துவர் குறித்தவர்கள் மட்டும் மஞ்சள் நிறத்தோடு மேலே ஏறுவார்கள். வரவேற்பில் பதிந்துவிட்டு வந்து உட்காருவதற்குள், அத்தனை பேரையும் தாண்டி அப்பாவின் பெயர் மஞ்சளாக உச்சியில் போய் நின்றது.

அப்பா அவனை முழங்கையால் இடித்தார். எப்போதும் இப்படித்தான் என்றார். பக்கத்து நாற்காலிக்காரரிடம், நான் சொன்ன பையன் இவன்தான் என்று காட்டினார். அந்த மனிதர் சிரிக்கவில்லை.

அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மஞ்சள் வரி சரியாக மேலே ஏறுகிறதா என்று சோதிக்க, தன் கைபேசி எண்ணையே நிரலில் எழுதிவைத்திருந்தான். இந்த எண்ணில் யார் பதிந்தாலும் அவசரம். வேலை முடிந்ததும் அழித்திருக்க வேண்டும், அழிக்கவில்லை. கைபேசியே வைத்துக்கொள்ளாத அப்பா எங்கே போனாலும் கொடுப்பது மகனுடைய எண்ணை. சத்தமில்லாமல் அழித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் முதலில் அவனுக்குத் தோன்றியது. வெட்கங்கெட்ட மனசு, வேறென்ன தோன்றும்?

அப்போது வரவேற்பில் ஒரு தையற்காரம்மா தோளைப் பிடித்தபடி கெஞ்சிக்கொண்டிருந்தார். அங்கே சிகிச்சைக் கருவி ஒன்றே ஒன்று. மதியத்தோடு நிறுத்திவிடுவார்கள், கடைசியில் நிற்பவர் திரும்பிப் போகவேண்டியதுதான். சென்ற முறை அப்படித் திரும்பிப் போன அவர் பெயர் இன்றும் கடைசியில்தான். கத்தரிக்கோலைத் தூக்க முடியவில்லை, இன்றும் விட்டுப்போனால் கடையில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றார். வரவேற்புப் பெண் திரையைக் காட்டி, அது போடுகிற வரிசைதான், என் கையில் ஒன்றுமில்லை என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. எழுந்து போனான். இது தன்னுடைய பிழை என்றும் அப்பாவுக்கு அவசரம் ஏதுமில்லை என்றும் அந்தப் பெண்ணிடம் சொன்னான். தன் எண்ணில் இருந்த அப்பாவின் பதிவை நீக்கிவிட்டு அண்ணியின் எண்ணில் புதிதாகப் பதியச் சொன்னான். பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பினான்.

"உங்க முறை எங்கப்பாவுக்குப் போயிருச்சும்மா. என் தப்பு."

அவர் திட்டியிருந்தால் தேவலை. "நான் என் தலையெழுத்துன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

திரையில் மஞ்சள் மறைந்தது. அப்பாவின் பெயர் கடைசிக்கு இறங்கியது. எல்லோரும் ஒரு வரி மேலே ஏறினார்கள்.

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. எல்லோர் எதிரிலும் தாம்தூம் என்று குதிப்பார் என்று எதிர்பார்த்து அவன் கூனிக் குறுகி நின்றான். அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"முறையில்லாம போறேன்னு எனக்கும் தெரியும்டா. அப்பாவுக்கு ரொம்ப நேரம் உக்கார முடியாதேன்னு நீ பண்ணியிருக்கேன்னு நெனச்சேன். வேண்டாம்னு சொல்ல மனசு வரல."

ஆமாம் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினான்.

"சோதிச்சுப் பாக்க என் நம்பரைப் போட்டேன்பா. எடுக்க மறந்துட்டேன்."

"அப்ப என்னை நெனச்சுப் பண்ணல."

"இல்லப்பா."

அப்பா தலையாட்டினார். சுவரைப் பிடித்து எழுந்து, கூடத்தின் கோடியில் இருந்த நாற்காலிக்குப் போனார். வேலை இருந்தால் கிளம்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவன் கிளம்பவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தான். மதியத்துக்குச் சற்று முன் உள்ளே தையற்காரம்மாவைக் கூப்பிட்டார்கள். அதற்குள் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நெளிய ஆரம்பித்திருந்தார். காலைப் பிடித்துவிடலாம் என்று கையை நீட்டியவன் பாதியில் நிறுத்தினான். வலி எதில் என்று இத்தனை நாளில் அவன் கேட்டதே இல்லை.

"எந்தக் காலுப்பா?" என்றான்.