சுருளியம்மாளின் குலவை

பாடை டீக்கடைத் திருப்பத்துக்கு வந்ததும் ஐயப்பன் பாட்டு பாதியில் நின்றது. கடைக்காரர் ஓடிப்போய் ஸ்பீக்கர் ஒயரையே பிடுங்கிவிட்டு, "எனக்குப் புத்தியே இல்ல பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார். மகன் பாண்டித்துரை முன்னால் போய்க்கொண்டிருந்தான். பின்னால் வந்த பெரியமுத்து மட்டும் ஒரு கணம் நின்று அந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். இன்னும் ரெண்டு வரி விட்டிருந்தால் சரணம் முடிந்து சுருளியம்மாள் வந்திருப்பாள். பாடையில் போகிற அதே சுருளியம்மாள், அவர் பெண்டாட்டி.

விஷயம் பழையது. பாண்டித்துரை கைக்குழந்தையாக இருந்த வருஷம் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் நடந்தது. சர்ச்சில் கீபோர்டு வாசித்த ஜோமோன், ரெக்கார்டரும் கையுமாக மலை மலையாகத் திரிந்துகொண்டிருந்தான். வட்டவடைத் தப்பு, காந்தலூர்க் கும்மியின் கைத்தட்டு என்று பிடித்துக்கொண்டே வந்தவன், இந்த எஸ்டேட் லயத்து வீடுகளுக்கு வந்து குலவை கேட்டான். சுருளியம்மாள்தான் முன்னால் நின்று நாக்கைச் சுழற்றினாள். அந்த நேரம் பார்த்து, முளைப்பாரிக்கு வழிவிட ஒதுங்கிய பெரியமுத்துவின் வேட்டி அவிழ்ந்து காலடியில் விழுந்தது. அதைப் பார்த்து அவள் குலவை சிரிப்பில் போய் முடிந்தது. இன்னொரு தடவை போடவா என்று அவள் கேட்டதற்கு ஜோமோன், "வேண்டா சேச்சி, இது மதி" என்று, அதுவே போதுமென்று கிளம்பிவிட்டான்.

அப்புறம் அந்தச் சத்தம் போகாத இடமில்லை. முதலில் ஜோமோனின் கீபோர்டில், அழுத்தினால் குலவை போடுகிற ஒரு கட்டையாக உட்கார்ந்தது. அவனிடமிருந்து தொடுபுழாவில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனது. அங்கிருந்து ஐயப்பன் பாட்டு, மாதா பாட்டு, கட்சிப் பாட்டு, கல்யாண வீட்டு டிஜே, நகைக்கடை விளம்பரம் வரை போய்விட்டது. தப்பும் கைத்தட்டும் கூடவே போயின. மலையை விட்டு இறங்காத சனங்களின் சத்தம் மட்டும் ஊர் ஊராகச் சுற்றியது, யார் பேரும் எதிலும் இல்லாமல். பஸ்ஸில் எங்காவது அது ஒலித்தால் சுருளியம்மாள் அவர் காதோரம் குனிவாள். "வேட்டியப் பாத்துக்கங்க." அவர் கை தானாக இடுப்புக்குப் போகும். பாண்டித்துரையிடம் சொன்னபோது, "கொலவை எல்லாம் ஒண்ணு மாதிரிதேன் இருக்கும்ப்பா" என்று முடித்துவிட்டான். அதோடு அது அவர்கள் இருவருக்கு மட்டுமான சங்கதி ஆயிற்று.

பாடை சர்ச்சைக் கடந்தபோது உள்ளே கிறிஸ்துமஸ் ஒத்திகை நின்றது. எதிரே வந்த தேர்தல் ஜீப் பாட்டை அணைத்து ஓரம் கட்டியது. வேட்பாளர் இறங்கிக் கைகூப்பினார். எல்லோரும் மரியாதை தெரிந்தவர்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு ஸ்பீக்கர் அடங்கும்போதும் பெரியமுத்து அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். பெண்டாட்டியைக் குழிக்குக் கொண்டுபோகிற மனுஷன் பாட்டுப் போடச் சொன்னால் ஊர் என்ன பேசும்? உடன் வந்த தப்புக்காரர்களும் சாவுக்கான அடியைத்தான் அடித்தார்கள். நல்லதுக்குத்தான் குலவை. சாவென்றால் அந்த லயத்தில் ஒரு பெண்ணும் அதற்கு வாய் திறக்கமாட்டாள்.

மண் போட்டாயிற்று. ஓடையில் குளித்து, ஈர வேட்டியோடு தம்பி மகன் சதீஷின் ஜீப்பில் முன்னால் ஏறினார். பாண்டித்துரை பின்னால் உட்கார்ந்தான். நடந்து போகிறவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். லயத்தில் அடுப்பு பற்றவைத்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தார். அந்த வீட்டுக்குள் தனியாக எப்படி நுழைவது என்று தெரியவில்லை.

"சதீஷு, ஒரு பாட்டுப் போடேன்."

சதீஷ் கண்ணாடி வழியாகப் பாண்டித்துரையைப் பார்த்தான். அவன் தலையசைக்கவும் நல்ல பையனாக ஒரு சோகப் பாட்டைப் போட்டான். புல்லாங்குழல் இழுத்து இழுத்து அழுதது. பெரியமுத்து காதைத் தீட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். ஒன்றும் வரவில்லை. அழுகைப் பாட்டில் யார் குலவை வைப்பார்கள்? எல்லாப் பாட்டிலும் இருந்தவள் இதில் மட்டும் இல்லை.

"இது வேணாம். கல்யாண வீட்டுல ஆடுவீங்கள்ல, அது போடு."

"பெரியப்பா…"

"அப்பா, என்னப்பா இது? சனம் நடந்து வருது. காதுல விழுந்தா என்ன நெனைக்கும்?"

"என்னமும் நெனைக்கட்டும்யா." பெரியமுத்து பின்னால் திரும்பினார். "எனக்கு உங்க அம்மா சத்தம் வேணும். அதுலதேன் இருக்கா."

பாண்டித்துரை பின்சீட்டிலிருந்து குனிந்து சதீஷின் தோளைத் தொட்டான். "போடுண்ணே" என்றான்.

செண்டை மேளம் இடி மாதிரி இறங்கியது. கூடவே தப்பு, கும்மியின் கைத்தட்டு. ரோட்டோரம் நடந்துகொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். சதீஷ் கூச்சத்தோடு சத்தத்தைக் குறைக்கப் போனான். பெரியமுத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். வளைவு திரும்பும்போது குலவை எழுந்தது. தேயிலைக் காட்டுக்கு மேலே ஏறி, நின்று, மூச்சு முட்டி, கடைசியில் அந்தச் சிரிப்பு.

பெரியமுத்துவின் கை இடுப்புக்குப் போய், ஈர வேட்டியின் முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டது.