நூற்று நான்கு மில்லிமீட்டர்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். லுட்வினாவுக்கு நான் தவறான பனிச்சறுக்குப் பலகையைச் சிபாரிசு செய்தேன். இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் மலைப்பகுதியில், கேபிள் கார் நிலையத்தின் காலடியில் இருபத்திரண்டு வருடமாக ஸ்கீ கடை வைத்திருக்கிறேன். நடந்து வரும் விதத்தைப் பார்த்தே இன்னாருக்கு இன்ன பலகை என்று சொல்லிவிடுவேன். ஊரில் அப்படி ஒரு பெயர் எனக்கு. அந்தப் பெயருக்கு என்ன ஆனது என்பதும் இதில் வரும்.

தொடக்கம்தான் சரியாக அமையவில்லை. 'பனி விழுந்துகொண்டிருந்தது' என்று ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் ஜனவரியில் வேறு என்ன விழும்? அடித்துவிட்டேன். அடுத்து, 'முழங்கால் தசைநார் அறுந்துபோன ஒரு பெண்' என்று எழுதினேன். பலகையின் விளிம்பைத் தீட்டக் கொடுக்க வந்த லுட்வினா, மேசையில் கிடந்த அந்தத் தாளைப் படித்துவிட்டாள்.

"டேய் செவெரின், இது யாரு?"

"நீதான்."

"நான் முழங்கால் இல்ல. இருபத்தாறு வருஷம் மலை மீட்புக் குழுவுல இருந்தவ. அத முதல்ல எழுது."

எழுதிவிட்டேன். வயது நாற்பத்தேழு என்பதை அடைப்புக்குறிக்குள் போடலாமா என்று கேட்டேன். (போடலாம் என்றாள்.)

2

போன குளிர்காலத்தில் அவளுடைய வலது முழங்கால் போனது. அறுவை சிகிச்சை நடந்தது. பத்து மாதம் உடற்பயிற்சி செய்தாள். மருத்துவர் மலையேறலாம் என்று சொல்லிவிட்டார். மீட்புக் குழுத் தலைவர் மட்டும் சம்மதிக்கவில்லை. அந்தத் தலைவர் ரோமெட், அவளுடைய சொந்தத் தம்பி.

இருவரும் என் கடையில் வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள்.

"ரேடியோ ரூம்ல உக்காருக்கா. உன்ன மாதிரி இந்த மலைய தெரிஞ்சவங்க யாரு இருக்கா?"

"மலைய தெரிஞ்சவள எதுக்குடா ரூமுக்குள்ள போட்டு வைக்கிற?"

"அப்ப சோதனைக்கு வா. புதுசா சேர்றவங்களுக்கு வைக்கிற அதே சோதனை. வடக்குச் சரிவு, மேலேருந்து கீழ வரைக்கும். மீட்புச் சறுக்குவண்டியில எண்பது கிலோ. தனியா இறக்கணும். ஒரு தடவ விழுந்தாலும் ரேடியோ ரூம்தான்."

"எந்தக் கிழமை?"

"அக்கா, யோசிச்சுச் சொல்லு."

"கிழமையத்தான கேட்டேன்."

அவன் வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டுப் போனான்.

ரோமெட்டை வில்லனாக்கினால் இந்தக் கதை சுலபமாக நகரும். இரண்டு பக்கம் முயன்றேன். 'அக்காவின் மேல் அவனுக்குப் பொறாமை, ஏனென்றால்—' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. போன வருடம் காயம்பட்ட லுட்வினாவை வண்டியில் வைத்துக் கீழே கொண்டுவந்தவன் அவன்தான். வழி முழுக்க அவளுடைய முனகல் அவன் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. அப்படிப்பட்டவனுக்குப் பயம் வராமல் இருக்குமா?

3

வடக்குச் சரிவைப் பற்றி கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மேல் பகுதி காற்றில் இறுகிய கண்ணாடிப் பனி. நடுவில் முழங்காலளவு புதுப்பனி. அடியில் பலர் சறுக்கி உழுதுபோட்டு மறுபடி உறைந்த கட்டிகள். மூன்றுக்கும் ஒரே ஜோடி பலகைதான்.

அவளுடைய பழைய பலகை, பாதத்துக்குக் கீழே எழுபத்தாறு மில்லிமீட்டர் அகலம். கண்ணாடிப் பனியைக் கத்திபோல் வெட்டும். ஆனால் பின்னால் எண்பது கிலோ தள்ளும்போது புதுப்பனியில் புதைந்துவிடும். சரி, அகலமாகவே போகலாம் என்றால் விளிம்பு பாதத்தைவிட்டு வெளியே தள்ளிப் போய்விடுகிறது. இறுகிய பனியில் ஒவ்வொரு திருப்பத்திலும் முழங்காலை முறுக்கும்.*

திங்கட்கிழமை நூற்றுப் பதினாறை எடுத்துக்கொண்டு போனாள். மதியத்துக்குள் கால் தாங்கித் தாங்கித் திரும்பி வந்தாள்.

"படகுடா இது. தண்ணியில விடு."

செவ்வாய்க்கிழமை நான் தேர்ந்தெடுத்ததைக் கொடுத்தேன். தொண்ணூற்றெட்டு. லேசானது, நன்றாக வளையும். முழங்காலுக்கு இதமாக இருக்கும் என்று அடித்துச் சொன்னேன். அவள் காலி வண்டியில் மணல் மூட்டை ஏற்றிப் போனாள். வந்ததும் பலகையின் பின்முனையைக் கையால் வளைத்துக் காட்டினாள்.

"பாரு. ரொட்டி மாதிரி மடங்குது. பின்னால வண்டி தள்றப்போ நான் ஏறி நிக்க ஒரு இடம் வேணும். இது என்னைக் கைவிட்டுடுது."

பிறகு சுவரில் சாய்ந்திருந்த ஒன்றை அவளே எடுத்தாள். நூற்று நான்கு. உள்ளே இரண்டு உலோகத் தகடுகள். முன்முனை மெல்ல மேலெழும். பின்முனை கிட்டத்தட்ட தட்டை, பிடிவாதமாக விறைத்து நிற்கும்.

"அது கனம் ஜாஸ்தி லுட்வினா. உன் முழங்கால்—"

"பத்து மாசமா அதோடதான் தூங்கி எழுந்திரிக்கிறேன். நீ எத்தன தடவ பாத்திருக்க?"

புதன்கிழமை முழுவதும் மலையிலேயே இருந்தாள். கடை மூடும் நேரத்தில் வந்தாள். பலகையை மேசைமேல் வைத்து, காலணிப் பிடியை நிரந்தரமாக எங்கே பொருத்த வேண்டுமோ அங்கே விரலால் தொட்டாள். துளை போட்டேன்.

* இந்த அடிக்குறிப்பில் என் தொழிலறிவை இன்னும் கொஞ்சம் காட்ட நினைத்திருந்தேன். அடுத்து நடந்ததைப் பார்த்தபின் விருப்பமில்லை.

4

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. சரிவின் அடியில் ரோமெட்டும் நானும் மட்டும் நின்றோம். தொலைநோக்கி என்னிடம் இருந்தது. அவன் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை.

வண்டியின் இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவே அவள் ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தாள். கண்ணாடிப் பனியில் குறுக்காக இறங்கினாள். விளிம்பு உரசும் சத்தம் கீழே எங்களுக்கே கேட்டது. பழைய பலகையின் சுத்தம் அதில் இல்லை, ஆனால் பிடி இருந்தது. புதுப்பனியில் நுழைந்ததும் பனிப்புகை எழுந்து அவளை மறைத்தது. நான் எண்ணத் தொடங்கினேன். ஏழு வரை எண்ணியபோது பலகையின் முனைகள் இரண்டும் மேலே வந்தன, பின்னாலேயே அவள். மூழ்கவில்லை. மிதந்தாள்.

கட்டிகள் நிறைந்த அடிப்பகுதியில்தான் அது நடந்தது. வலது முனை ஒரு கட்டியில் மோதித் தெறித்தது. வண்டி பக்கவாட்டில் வீசியது.

"அக்கா," என்றான் ரோமெட். அவளுக்குக் கேட்டிருக்காது.

அவள் பின்னால் சாய்ந்து, முழு எடையையும் பலகைகளின் பின்முனையில் வைத்தாள். என் தொண்ணூற்றெட்டாக இருந்தால் அந்த இடத்தில் மடங்கியிருக்கும். நூற்று நான்கு மடங்கவில்லை. ஒரு கணம் அதன்மேல் உட்கார்ந்தவள் போலிருந்தாள். எழுந்தாள், வண்டியை இழுத்து நேராக்கினாள், எங்கள் முன்னால் வந்து நிறுத்தினாள். தெறித்த பனி என் வாய்க்குள் போனது. வாய் திறந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

5

முதல் முடிவு: தம்பி அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதான். அடித்துவிட்டேன். அவன் அழவில்லை.

இரண்டாவது முடிவு: அவள் அவனைப் பார்த்து, "இப்போது என்ன—" இல்லை. ஜெயித்த பிறகு குத்திக்காட்டும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

நடந்தது இதுதான். ரோமெட் வண்டியைச் சுற்றி வந்தான். எல்லா வாரையும் இழுத்துப் பார்த்தான். ஒன்றுகூடத் தளரவில்லை.

"எத்தனை?"

"நூத்தி நாலு."

"நான்னா நூத்திப் பதினாறு எடுத்திருப்பேன்."

"அதான் உன்ன கேக்கல."

"செவெரின் என்ன சொன்னான்?"

"தொண்ணூத்தெட்டு. பாவம், நல்ல மனசு."

ரோமெட் தன் முதுகுப்பையைத் திறந்து குழுவின் சட்டையை எடுத்தான். புதியது. மார்பில் அவள் பெயர் தைத்திருந்தது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வந்திருக்கிறான். அவள் அதை வாங்கினாள், பெயரின்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள், பிறகு போட்டுக்கொண்டாள்.

"எனக்கும் ஒரு ஜோடி எடுத்து வை," என்று என்னிடம் சொல்லிவிட்டு, அக்காவோடு நாற்காலி லிஃப்டில் ஏறினான். இருவரும் அருகருகே உட்கார்ந்து மேலே போனார்கள். உச்சிக்குப் போக ஒன்பது நிமிடம் ஆகும். என்ன பேசினார்கள் என்று பிறகு அவளிடம் கேட்டேன்.

"அது உன் கதையில இல்ல," என்றாள்.

ஆகவே என்னிடம் இல்லை. அந்த ஒன்பது நிமிடத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களைப் பேசவிடலாம், சண்டை போடவிடலாம், சும்மா மலையைப் பார்த்துக்கொண்டிருக்கவும் விடலாம். உச்சியில் மட்டும் அவளை முதலில் இறங்கவிடுங்கள். நான் கீழேயிருந்து தொலைநோக்கியில் பார்த்தேன், அவள்தான் முதலில் இறங்கினாள்.