பதில் ஆள்

ஏழாங்கட்டைத் தோட்டத்து இடுகாட்டில் கைப்பேசிக்கு அலை கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். வேலியோரம் வெட்டிப் போட்ட செம்பனை மட்டைகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்த மேடு. தினேஸ்வரி காலை ஏழரையிலிருந்து அதன் உச்சியில் நின்றுகொண்டிருந்தாள். மட்டைமுள் காற்சட்டையைத் துளைத்துக் குத்தியது. இறங்கி நாலு எட்டு வைத்தால் திரையின் மூலையிலிருந்த கோடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒன்பது மணிக்குள் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான் விமானப் பணியாளர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் அஸ்வான். இப்போது ஒன்பது பத்து. தோண்டுகிற இயந்திரமும் எட்டு மணிக்கு வந்திருக்க வேண்டும். அதையும் காணோம். வந்திருந்தவையெல்லாம் கொசுக்களும், நெகிழி நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்த நாற்பது குடும்பங்களும்தான்.

கீழே, சிவப்புச் சாயத்தில் முப்பத்தொன்று என்று எழுதப்பட்ட சிமெண்டுக் கல்லுக்குப் பக்கத்தில் அண்ணன் பத்துமலை குந்தியிருந்தான். அப்பாவின் பெயரின் மேலேயே எண்ணைக் கிறுக்கியிருந்தார்கள். கார்த்திகேசு என்பதில் முதல் இரண்டு எழுத்துகள் மட்டும்தான் தெரிந்தன.

தோட்டம் கைமாறி மூன்று வருடமாகிறது. வீடுகள் கட்டப் போகிறார்கள். இடுகாட்டைக் காலி செய்து, எலும்புகளை எடுத்து, கோப்பெங் நகரத்துக்கு வெளியே ஒதுக்கிய புது இடத்தில் புதைத்துத் தருவதாக மேம்பாட்டு நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதற்கான தேதி போட்ட கடிதம் பத்து நாளைக்கு முன்புதான் அண்ணனுக்கு வந்தது. விடுப்புக்கு ஆறு வாரத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது தினேஸ்வரி துணை விமானியாக வேலை செய்யும் விமான நிறுவனத்தின் விதி. ஆனாலும் பட்டியலைப் பார்த்தபோது அவளுக்கு மூச்சு வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அவள் பெயருக்கு நேரே ‘ரிசர்வ்’ என்றிருந்தது. ரிசர்வ் என்றால் பயமில்லை. பறக்கச் சொல்வதானாலும் பத்து மணி நேரத்துக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். கோப்பெங்கிலிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம். தாராளம்.

நேற்று மாலை அண்ணன் வீட்டில் தோசையைப் பிட்டு வாயில் வைக்கும்போது போன் வந்தது. இரண்டு துணை விமானிகளுக்குக் காய்ச்சலாம். அவளுடைய ரிசர்வை ‘ஸ்டாண்ட்பை’யாக மாற்றிவிட்டார்கள். மதியம் ஒரு மணி முதல் இரவு ஒன்பது வரை. கூப்பிட்டால் தொண்ணூறு நிமிடத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். பதினெட்டு மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட்டதால் விதிப்படி சரி. எப்போதுமே விதிப்படி சரியாகத்தான் இருக்கும்.

அண்ணனுக்கு இதைப் புரியவைக்க முயன்றதுதான் தப்பாகப் போயிற்று.

“நாளைக்கு ஒனக்கு வேல இருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லு பாப்பா.”

“வேல இல்லண்ணே. ஆனா லீவும் இல்ல. ஏர்போர்ட்டு கிட்ட, நீலாய் வீட்டுல இருக்கணும்.”

“வீட்டுல என்னா பண்ணுவ?”

“சும்மா இருப்பேன்.”

“அந்தச் சும்மாவ இங்க இருக்க முடியாதாலா?”

“கூப்பிட்டா ஒன்றர மணி நேரத்துல போய் நிக்கணும். இங்கேருந்து எப்புடிண்ணே முடியும்?”

“கூப்பிடுவாங்களா?”

“தெரியாது. போன மாசம் ஆறு நாளு அப்படி உக்காந்தேன். ஒரு நாளுதான் கூப்பிட்டாங்க.”

பத்துமலை தட்டைத் தள்ளி வைத்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். இருபது வருடத்தில் அவன் விடுப்பு எடுத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். “என் பஸ்ஸுக்கு நாளைக்குச் சன்னாசி வாரான். ஒரு போன்தான் போட்டேன், சரி மச்சான்னுட்டான். அவ்ளோ பெரிய கம்பெனியில ஒனக்குப் பதிலா ஒரு ஆளு இல்லியா?”

“நாந்தாண்ணே அந்தப் பதில் ஆளு.”

அண்ணி சட்டென்று சிரித்துவிட்டாள். பிறகு கணவனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். தினேஸ்வரிக்கும் சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். அழுகை வந்தது. எழுந்துபோய்க் கை கழுவினாள்.

ஆக, இன்று பத்து மணிக்கு இங்கிருந்து கிளம்பினால்தான் ஒரு மணிக்கு நீலாயில் இருக்க முடியும். வேறு யாராவது மாற்றிக்கொள்வார்களா என்று பார்த்துச் சொல்லும்படி அஸ்வானிடம் கெஞ்சியிருந்தாள். அந்தப் பதிலுக்காகத்தான் இந்த மட்டைமேடு.

ஒன்பது இருபதுக்கு இயந்திரம் வந்தது. அதைச் சுமந்து வந்த லாரிக்குப் பின்னால் ஒரு வேனில் ஆட்களும், மார்போடு அணைத்த கோப்பும் பெரிய குடையுமாக ஒரு பெண்ணும் வந்திறங்கினார்கள். தோண்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர். கழுத்தில் தொங்கிய அட்டையில் கலாதேவி என்றிருந்தது. தினேஸ்வரி மேட்டிலிருந்து சரிந்திறங்கி அவளிடம் ஓடினாள்.

“எங்க அப்பாவோடது முப்பத்தொன்னு. நான் பத்து மணிக்குக் கெளம்பியாகணும். அத மட்டும் முதல்ல எடுக்க முடியுமா?”

“நம்பர் வரிசையிலதான்க்கா எடுக்கணும். மாத்தி எடுத்து எலும்பு மாறிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது? ரூல்லா.”

“எட்டு மணின்னு லெட்டர்ல போட்டிருந்தீங்க.”

“லாரி லேட்டுக்கா. சாரிக்கா. சொந்தக்காரங்க ஒருத்தர் கையெழுத்துப் போட்டா போதும். அண்ணன் இருக்காங்கதானே? நீங்க தாராளமா போலாம்.”

பணிவாக, குரலை உயர்த்தாமல், கொஞ்சமும் நகர்ந்து கொடுக்காமல் சொன்னாள். தாமதமான விமானங்களில் தினேஸ்வரி ஒலிபெருக்கியில் பயணிகளிடம் பேசுகிற அதே குரல். அதற்கு மேல் அவளோடு சண்டை போட முடியவில்லை. எண் ஒன்றுக்குப் பக்கத்தில் எண்பது வயதிருக்கும் ஒரு கிழவர், மனைவியின் கல்லைத் தொட்டபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரை நகரச் சொல்லவா முடியும்?

“நீ போ பாப்பா,” என்றான் பத்துமலை, பல்லைக் கடித்துக்கொண்டு. “நான் பாத்துக்கறேன். அன்னிக்கும் நாந்தானே பாத்துக்கிட்டேன்.”

குத்திக்காட்டச் சொன்னானா, உள்ளபடியே சொன்னானா தெரியவில்லை. இரண்டாயிரத்து ஆறில் அவளுக்குப் பதினொரு வயது. செம்பனைக் குலை வெட்டும்போது நீளக்கம்பில் கட்டிய அரிவாள் மின்கம்பியில் பட்டு அப்பா போனார். பெண்பிள்ளைகள் இடுகாட்டுக்கு வரக்கூடாது என்று அவளை லயத்து வீடுகளின் முனையிலேயே நிறுத்திவிட்டார்கள். மேளச்சத்தம் செம்பனைக்குள் போய் மறைகிறவரை நின்றாள். அப்பாவை எங்கே வைத்தார்கள் என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் பார்த்தாள். அப்போது மண்மேல் புல் முளைத்திருந்தது. அம்மாவை ஈப்போவில் எரித்துச் சாம்பலைக் கரைத்துவிட்டார்கள். போய் நிற்பதற்கென்று அவளுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு கல்தான். இன்று அதுவும் திறக்கப்படும்போது அவள் நெடுஞ்சாலையில் தாப்பாவைக் கடந்து போய்க்கொண்டிருப்பாள். எதற்காக? நீலாயில் ஒரு வாடகை அறையில் சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காருவதற்காக.

ஒன்பது ஐம்பதுக்கு மறுபடியும் மேட்டில் ஏறி அவளே அழைத்தாள்.

“அக்கா, இப்பத்தான் கூப்பிட நெனச்சேன்,” என்றான் அஸ்வான். அவனும் ஈப்போக்காரன், மற்ற நேரங்களில் ஆங்கிலத்தில் பேசுகிறவன், அவளோடு மட்டும் தமிழுக்கு வருவான். “யாரும் மாத்திக்க ஒத்துக்கலக்கா.”

“அப்ப எமர்ஜென்சி லீவு போடு.”

“குடும்பத்துல மரணமாக்கா?”

“ஆமா. அப்பா.”

“அல்லாவே. சாரிக்கா. எப்போ?”

“ரெண்டாயிரத்து ஆறு.”

விசைப்பலகை தட்டுகிற சத்தம் நின்றது. “அக்கா?”

“இன்னிக்குக் குழியத் தோண்டி எலும்ப எடுக்குறாங்க. நான் அங்கதான் நிக்கிறேன்.”

“புரியுதுக்கா. ஆனா தேதி முப்பது நாளைக்கு முந்தி இருந்தா சிஸ்டம் ஏத்துக்காது. செகப்பாயிடும்.” அவன் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அதுதான் அவளுக்கு மேலும் எரிச்சலாக இருந்தது. யாராவது ஒருவர் திமிராகப் பேசினால் கத்திவிட்டுப் போகலாம்.

“அப்ப, பறக்கத் தகுதியா இல்லன்னு போடு.”

“ஒடம்பு சரியில்லையா, களைப்பா?”

“ரெண்டும் இல்ல.”

“ரெண்டுதான்க்கா இருக்கு. ஏதாவது ஒன்னச் சொல்லுங்களேன். நான் போட்டுக்கறேன்.”

எளிதான வழிதான். வயிற்றுவலி என்று சொல்லிவிடலாம். பாதிப்பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் இதே கைப்பேசியில் ஏற்றி வைத்திருக்கிற விதிப்புத்தகத்தில், தன்னால் பாதுகாப்பாகப் பறக்க முடியாது என்று தெரிந்தும் பணிக்கு வரக்கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. உடம்பு, களைப்பு என்றெல்லாம் அது பிரித்துச் சொல்லவில்லை. சரி, அவளால் முடியாதா? மூன்று மணிக்குக் கூச்சிங்குக்குக் கிளம்பச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாள். மழை, குறுக்குக் காற்று, இடப்பக்கத்து இருக்கையிலிருந்து கேப்டன் ஏதோ கேட்கிறார். அந்த நேரத்தில் தன் காதில் என்ன கேட்டுக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. தெரியாதபோது ஏறக்கூடாது.

“தகுதியா இல்ல. காரணத்த நான் எழுதிக் குடுக்கறேன். ரெண்டு கட்டத்துலயும் எதையும் போடாத.”

“சீஃப் பைலட் ஆபீஸ்லேருந்து கூப்பிடுவாங்கக்கா. அடுத்த மாசம் ஒங்களுக்குக் கேப்டன் இன்டர்வியூ வேற இருக்கு.” இவை பதிவாகிற உரையாடல்கள் என்பது இருவருக்கும் தெரியும். அவன் அதைச் சொன்னதே பெரிது.

“கூப்பிடட்டும். எனக்குப் பதிலா யாரு வருவா?”

“யாரும் இல்லக்கா. ரிசர்வ்ல இருக்கறவங்களுக்குப் பத்து மணி நேரம் முன்னாடி சொல்லணுமே. இப்ப சொன்னாலும் ராத்திரி எட்டு வரைக்கும் அந்த எடம் காலிதான். யாருக்கும் ஒன்னும் ஆகாம இருக்கணும்.”

போனை வைத்த பிறகும் அவள் கீழே இறங்கவில்லை. மாலை நேர விமானம் ஒன்று துணை விமானி இல்லாமல் நின்றுபோனால் நூற்றெண்பது பேர் தரையில் கிடப்பார்கள். அவர்களிலும் ஒருவர் எங்காவது ஒரு சாவுக்குப் போகிறவராக இருக்கலாம். இந்த எண்ணம் வராமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“போவலியா?” என்றான் அண்ணன், மணியைப் பார்த்து.

“போவல.”

அவன் தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, கல்லருகே தரையில் உட்கார்ந்துகொண்டான். பிறகு, “வேலைக்கு ஒன்னும் ஆயிடாதுல்ல?” என்றான்.

“தெரியலண்ணே.”

“அலாமா,” என்று தலையைச் சொறிந்தான். “நேத்து நான் ரொம்ப ஏசிட்டேனோ?”

முப்பத்தொன்றாம் எண்ணுக்கு வர மணி ஒன்றேகால் ஆயிற்று. இயந்திரம் மேல்மண்ணை வழித்துவிட்டு ஒதுங்கியது. இரண்டு வங்காளதேச ஆட்கள் குழிக்குள் இறங்கி மண்வெட்டியாலும் பிறகு கையாலும் தோண்டினார்கள். பெண்கள் கொஞ்சம் தள்ளி நிற்கலாமே என்று சடங்குக்கு வந்திருந்த பூசாரி பொதுவாகச் சொன்னார். தினேஸ்வரி குழியின் விளிம்பில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். பூசாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எலும்புகள் செம்மண் ஏறிப் பழுப்பாக இருந்தன. அவள் நினைத்ததைவிடக் கனமில்லை. ஒவ்வொன்றாக வாங்கி, மண்ணைத் துடைத்து, அண்ணன் விரித்திருந்த வெள்ளைத் துணியில் வைத்தாள். பயம் வரவில்லை. இது எந்தக் கையின் எலும்பு, தன்னைச் சைக்கிளில் தூக்கி வைத்த கையா என்ற கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

கடைசியாக ஒருவன் மண்ணிலிருந்து எதையோ இழுத்தான். சட்டை. நைலான் கலந்த நீல முழுக்கைச் சட்டை. பெட்டி மக்கி, மரம் மண்ணாகி, அது மட்டும் கிழியாமல் இருந்தது. கழுத்துப் பித்தான்வரை போட்டபடியே இருந்தது.

“அம்மாதான் போட்டு விட்டுச்சு,” என்றான் பத்துமலை. “அந்த வருச தீபாவளிக்கு எடுத்தது. ஒரு நாளுகூட உடுத்தல.”

அவளுக்கு அது தெரியாது. பத்தொன்பது வருடத்தில் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

எலும்புகளோடு பழைய துணி போகக்கூடாது என்றார் பூசாரி. தூக்கிப் போடலாமா என்று அண்ணன் கேட்டதற்கு, அது தனக்குத் தெரியாது என்றார். கலாதேவி தன் கோப்பைப் புரட்டிப் பார்த்தாள். அதிலும் சட்டைக்கு எதுவும் எழுதியிருக்கவில்லை. “ஒங்க இஷ்டம்க்கா,” என்றாள்.

புது இடத்தில் வேலை முடிய நாலரை மணி ஆனது. ஒரே அளவில் கட்டிய சிமெண்டுச் சதுரங்கள், நடுவில் சரளைக்கல் பாதை. மற்றவர்கள் கிளம்பிப் போனார்கள். தினேஸ்வரியின் பையில் கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்தது. இங்கே அலை நன்றாகவே கிடைத்தது. சீஃப் பைலட் அலுவலகமாகத்தான் இருக்கும். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு கையிலும் அவள் சட்டையின் தோள்களைப் பிடித்திருந்தாள். பத்துமலை குழாயடியில் குனிந்து, சோப்பு இல்லாமல், வெறும் தண்ணீரில் அதைக் கசக்கிக்கொண்டிருந்தான். சிவப்பாக ஓடிய தண்ணீர் மெல்ல வெளிறியது. இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தார்கள். பிறகு அவன் அதை உதறி வேலிக்கம்பியில் விரித்தான். மாலைக் காற்றில் ஒரு கை மட்டும் எழுந்து தாழ்ந்தது. அது காயட்டும் என்று இருவரும் சரளைக்கல்லில் உட்கார்ந்தார்கள்.