நிமிர்ந்தால் விழுந்துவிடுவாள்

பெருமாள்சாமி வானத்தை அண்ணாந்து பார்த்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. நாகலாபுரத்துக் கரிசலில் ஆடு மேய்க்கிற மனுஷன் வானத்தைப் பார்க்காமல் இருந்துவிடலாம். வேலமரத்தைப் பார்க்காமல் இருக்க முடியுமா? கோடையில் தொரட்டியால் கொப்பை வளைத்துக் குழை ஒடித்துப் போட்டால்தான் ஆட்டுக்கு வயிறு நிறையும். அவரோ முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டே திரிந்தார். ஆடுகள் எலும்பும் தோலுமாகிவிட்டன. இந்தக் கோடையும் இப்படியே போனால் அத்தனையையும் கறிக்கடைக்கு ஓட்டவேண்டியதுதான்.

அக்கா வெள்ளைத்தாய் வைதுவைது அவரைக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏற்றிவிட்டாள். அங்கே ஒரு மாடியில் செல்வகணேஷ் மசாஜ் தெரபி நடத்தினான். கம்ப்யூட்டரைப் பார்த்தே வளைந்துபோன முதுகுகள் வருகிற இடம்.

நல்ல கை அவனுக்கு. வெதுவெதுப்பான எண்ணெயை ஊற்றித் தோள்பட்டைக்கு நடுவே பெருவிரலைக் கொடுத்து உருட்டினான். கல்லாய்க் கிடந்த சதை மாவாக இளகியது. சுவரில் குதிகாலும் தலையும் படும்படி நிற்கவும் சொல்லிக்கொடுத்தான். மேஜையில் படுத்திருக்கும்வரை முதுகு நேராகத்தான் இருந்தது. எழுந்து நின்றதுமே முன்னால் வளைந்தது. கைகள் தாமாகப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன. ஒவ்வொரு தடவையும் இதே கூத்து.

ஒருநாள் அவன் கை அவருடைய கழுத்தெலும்பின் மேல் நின்றுவிட்டது. அங்கே வளையல்கள் அழுந்திய தடம் பதிந்திருந்தது. எண்ணெய் போட்டுத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கச் சிவந்ததே தவிர அழியவில்லை.

“அண்ணாச்சி, சதையெல்லாம் இளகிட்டு. எலும்புல ஒரு கோளாறும் கிடையாது. பெறவு எதுக்குக் குனியுதீய?”

பெருமாள்சாமி தரையைப் பார்த்தபடி சொன்னார். “நிமிந்தா அவ விழுந்துருவா தம்பி.”

அவள், அவர் மனைவி வள்ளிமயில். வளைகாப்பு வளையல் கை நிறைய இருந்தவளுக்கு ஒரு அடைமழை நாளில் உதிரம் கண்டது. கரிசல் நனைந்துவிட்டால் எந்த வண்டி நகரும்? ஆம்புலன்ஸ் தார்ரோட்டிலேயே நின்றுவிட்டது. அவளை முதுகில் போட்டுக்கொண்டு, சறுக்கிவிடாமல் இருக்கக் குனிந்தபடியே சேற்றில் நடந்தார். வயிற்றுப் பிள்ளை அவர் முதுகில் உதைத்தது. பாதி வழியில் உதைப்பது நின்றது. தோளைப் பிடித்த பிடி மட்டும் தளரவில்லை. தார்ரோட்டில் இருந்தவர்கள் அவள் எப்போதோ போய்விட்டாள் என்றார்கள். போனவள் இன்னும் பிடித்துக்கொண்டா இருப்பாள் என்று கேட்டார்; அவள் போனதை அவர் நம்பவே இல்லை.

மாசமாக இருந்து செத்தவள் பேருக்கு வழியில் சுமைதாங்கிக் கல் நடுவது அந்தப் பக்கத்து வழக்கம். நிறுத்திய இரண்டு கல்லின் மேல் குறுக்கே ஒரு கல். போகிறவர் வருகிறவர் தலைச்சுமையை அதில் இறக்கிவைத்தால்தான் வயிற்றுப் பாரத்தோடு போனவளின் பாரமும் இறங்கும் என்பார்கள். எல்லாரும் சொன்னார்கள். அவர்தான் நட மாட்டேன் என்றுவிட்டார். நட்டால் அவளை இறக்கிவிட்டதாக ஆகிவிடுமே!

எல்லாவற்றையும் கேட்ட செல்வகணேஷ் மெல்லக் கையை எடுத்துக்கொண்டான். “இத்தன நாளாப் பிடிச்சிக்கிட்டு இருக்காவளே, அவியளுக்குக் கை வலிக்காதா அண்ணாச்சி?”

அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. அந்த வாரமே வண்டிப்பாதை ஓரம் கல்லை நட்டார். அதில் முதுகைச் சாய்த்து, கோத்த கைகளைப் பயந்து பயந்து பிரித்தார். காதோரம் வளையல் ஒருமுறை குலுங்கியது. முதுகில் இருந்த வெதுவெதுப்பு போய்விட்டது. எழுந்தார்; வானம் தெரிந்தது. நின்ற இடத்திலேயே அழுது தீர்த்தார்.

அப்புறம் ஆட்டுக்குக் குழைக்குப் பஞ்சமில்லை. அக்காவுக்கு ஒரே பெருமை.

ஒரு மத்தியானம் மேட்டில் தொரட்டியோடு நின்றவர், ஊர்க்காரி சந்தனமாரி சோளத்தட்டைக் கட்டைத் தலையில் சுமந்து வருவதைப் பார்த்தார். கல்லருகே வந்ததும் அவள் கட்டைத் தொப்பென்று அதன்மேல் இறக்கினாள். வளையல் நொறுங்குகிற சத்தம் மேட்டுவரைக்கும் கேட்டது. சந்தனமாரிக்கு ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பெருமாள்சாமி தொரட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். கட்டை இழுத்துத் தன் முதுகில் சாய்த்துக்கொண்டார். முதுகு வளைந்தது. கைகள் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன.

“அங்கன வைக்காத தாயி,” என்றார். “அவ மாசமா இருக்கா.”